ஈரநிலத்தில் தொடங்க வேண்டிய கழிவுநீர்க் கணக்கு

சில நூறு குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்புக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்போது, திட்ட அறிக்கை பெரும்பாலும் வீடுகளிலிருந்தே தொடங்குகிறது. ஆளுக்கு எத்தனை லிட்டர் நீர், அதில் எவ்வளவு அழுக்கு, தொட்டியின் கொள்ளளவு என்ன, குழாயின் விட்டம் என்ன என்று கணக்கு கீழ்நோக்கி நகர்ந்து, நிலையத்தின் வெளியேற்றுக் குழாயில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் ஓடையும், அந்த ஓடை சென்று சேரும் சதுப்பும் வரைபடத்தில் ஒரு நீல அம்புக்குறியாக மட்டுமே இடம்பெறுகின்றன. இத்தகைய திட்டங்களை ஆர்வத்தோடும் கவலையோடும் கவனித்து வரும் எனக்கு, இந்தக் கணக்கு மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. கீழே உள்ள ஈரநிலம் எந்தப் பருவத்தில் எவ்வளவு நீரை, எவ்வளவு அம்மோனியாவை, எவ்வளவு பாஸ்பரஸைத் தாங்கும் என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதற்கேற்ற நிலையத்தை மேலே அமைக்க வேண்டும்.

இன்று நாம் கையாளும் அளவுகோல்களின் வரலாறே இதை உணர்த்துகிறது. பிரிட்டனில் கழிவுநீர் அகற்றல் குறித்து ஆராய்ந்த அரச ஆணையம், 1912இல் வெளியான தனது எட்டாவது அறிக்கையில், சுத்திகரித்த நீரில் கலந்து நிற்கும் திடத்துகள்கள் இன்றைய அலகில் லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், ஐந்து நாள் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பிஓடி, 20 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. வெளியேறும் நீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு தூய ஆற்று நீர் அதனோடு கலக்க வேண்டும் என்பதே அது. எண்கள் உலகெங்கும் பரவின. நிபந்தனை பல இடங்களில் உடன் வரவில்லை. சிறு குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர் சேரும் ஓடையில் எட்டு மடங்கு நீர் ஓடுவது மழைக்காலத்தில் மட்டும்தான் இயலும். வறண்ட மாதங்களில் ஓடையில் ஓடுவது முழுவதும் சுத்திகரித்த நீராகவே இருக்கும். அது தேங்கி நின்று மெல்ல நகரும் சதுப்புக்குள் அப்படியே நுழையும். எட்டு மடங்கு நீர்க்கலப்பை நம்பி வகுத்த எண்ணை அங்கே பாதுகாப்பின் எல்லையாகக் கொள்வது பிழையாகும்.

பிஓடி என்ற அளவே முழுக் கதையையும் சொல்வதில்லை. அது கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது செலவாகும் ஆக்சிஜனைக் காட்டுகிறது. கழிவுநீரில் இருக்கும் அம்மோனியாவும் ஆக்சிஜனைக் கேட்கும் என்பதை, நைட்ரஜன் மாற்றத்தைத் தடுத்து நடத்தும் வழக்கமான பிஓடி சோதனை பதிவு செய்வதில்லை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறுவதற்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். எனவே பிஓடி வெறும் 10 மில்லிகிராம் உள்ள தெளிந்த நீர் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைச் சுமந்திருந்தால், சோதனைத் தாளில் தெரியாத மேலும் 138 மில்லிகிராம் ஆக்சிஜன் கடனோடு அது சதுப்புக்குள் செல்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தக் கடனின் பளு விளங்கும்.

அம்மோனியாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 ஆக இருக்கும்போது, 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே மீன்களைக் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 9ஐத் தொட்டால் அதே வெப்பத்தில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டிவிடும். ஆழமற்ற சதுப்பில் பாசி செழித்தால், நண்பகலுக்குப் பின் அது நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி பிஎச் அளவை மேலே தள்ளும்; இரவில் அதே பாசி சுவாசித்து ஆக்சிஜனைக் குறைக்கும். பிற்பகலில் நஞ்சும் விடியலில் மூச்சுத்திணறலுமாக ஒரே குளத்தில் ஒரே நாளில் இரு வேறு ஆபத்துகள் மாறி மாறி வருகின்றன. காலை பத்து மணிக்கு வெளியேற்றுக் குழாயில் எடுக்கும் ஒரு குப்பி நீர் இந்த இரண்டில் எதையும் காட்டாது.

பாஸ்பரஸின் கதை இதைவிட நீண்டது. ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு 1.5 கிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் வெளியேறுகிறது எனக் கொள்வோம். 500 பேர் வாழும் குடியிருப்பில் அது நாளொன்றுக்கு 750 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 274 கிலோ. பாஸ்பரஸை நீக்குவதற்கெனத் தனி ஏற்பாடு இல்லாத ஒரு நிலையம் கசட்டோடு சேர்த்து அதில் கால் பங்கைப் பிடித்து வைத்தாலும், மீதி 200 கிலோவுக்கு மேல் கீழே போகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸ் ஏறத்தாழ நூறு கிராம் உலர்ந்த பாசியை வளர்க்கப் போதுமானது என்பது வேதிக்கணக்கு. அப்படியானால் அந்தச் சிறு குடியிருப்பு, தன் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரின் வழியே, ஆண்டுதோறும் 20 டன் உலர்பாசிக்கான உரத்தை ஈரநிலத்துக்கு அனுப்புகிறது. எல்லாமே பாசியாகிவிடுவதில்லை, மண் சிறிது பிடித்துக்கொள்ளும், செடி சிறிது எடுத்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு சிறு குடியிருப்பு அனுப்பும் உரம் எவ்வளவு பெரிது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

பாஸ்பரஸ்தான் பல நன்னீர்நிலைகளில் பூட்டின் சாவி என்பதை ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய சகாக்களும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 226ஆம் எண் ஏரியில் 1973இல் கண்முன்னே நிறுத்தினார்கள். ஏரியின் இடுங்கிய நடுப்பகுதியில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்து, இரு பகுதிகளிலும் கரிமத்தையும் நைட்ரஜனையும் சேர்த்து, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பகுதி நீலப்பச்சைப் பாசியால் மூடிக்கொண்டது. மற்றது தெளிவாகவே இருந்தது.

அமெரிக்காவின் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. 1950களில் அந்த ஏரிக்குள் நீரை விட்டவை, கரையோரக் குடியிருப்புகளுக்கென அமைந்த பல இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்களே, அதாவது திடப்பொருளைப் படியவைத்த பின் கரிமப் பொருளை நுண்ணுயிர்களால் குறைப்பவை. அன்றைய அளவுகோலின்படி அவை கடமையைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் 1955இல் ஒருவகை நீலப்பச்சைப் பாசி ஏரியில் தலைகாட்டியதைக் கண்ட டபிள்யூ. டி. எட்மண்ட்சனின் ஆய்வுக் குழு, வரவிருந்த சீர்கேட்டை முன்னறிந்து சொன்னது. கழிவுநீரைத் திசைதிருப்பும் பணி 1963இல் தொடங்கி 1968இல் முடிந்தது. 1970களின் நடுப்பகுதிக்குள் ஏரி தெளிந்தது. இந்த நற்செய்தியை ஈரநிலங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆழமான ஏரி தன் வண்டலைப் புதைத்துவிடும். ஆழமற்ற சதுப்பிலோ, வண்டலில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், அடிமண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன் விடுபட்டு மீண்டும் நீருக்குள் ஏறுகிறது. குழாயை மூடிய பின்னும் பல ஆண்டுகள் சதுப்பு தன் பழைய சுமையைத் தானே உண்டுகொண்டிருக்கும். ஆகையால் சதுப்பு கெட்ட பின் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம், மற்ற எந்த நீர்நிலையைவிடவும் இங்கே அதிக விலை கேட்கும்.

எவ்வளவு சிறிய அளவு ஒரு சதுப்பின் தன்மையை மாற்றும் என்பதற்கு ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் ஓர் எல்லைக்கோடு. அங்கே பாஸ்பரஸ் வந்தது முக்கியமாக விவசாய நிலங்களிலிருந்துதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது மண்ணுக்கும் செடிக்கும் ஒரு பொருட்டல்ல. அறுக்கும் விளிம்புடைய கோரை பரந்திருந்த இடங்களில் சம்பு அடர்ந்து வளர்ந்தது. இறுதியில் அந்தச் சதுப்புக்கு வகுத்த பாஸ்பரஸ் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சாதாரணச் சிறு நிலையத்திலிருந்து வெளிவரும் நீரில் பாஸ்பரஸ் சில மில்லிகிராம் இருக்கும், அதாவது அந்த வரம்பைப்போல் பல நூறு மடங்கு. எல்லாச் சதுப்பும் எவர்கிளேட்ஸ் போல ஊட்டம் குறைந்ததல்ல. ஆற்றுக் கழிமுகத்துச் சதுப்புகள் இயல்பாகவே வளமானவை. ஆயினும் நம் சதுப்பு எந்த வகை என்று கேட்காமலேயே குழாயைப் பதிக்கிறோம் என்பதுதான் என் குறை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. ஈரநிலங்கள் பூமியின் சிறுநீரகங்கள் என்று படித்திருக்கிறோமே, அழுக்கை வடிகட்டுவது அவற்றின் இயல்புதானே, அப்படியிருக்க எஞ்சிய சிறிதளவைச் சதுப்பிடம் விட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒப்புமை அழகாக இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் தான் வடிகட்டியதை உடலுக்கு வெளியே அனுப்புகிறது. சதுப்பு பாஸ்பரஸைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடும் ஆற்றல் சதுப்புக்கு உண்டு. பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. மண்ணின் பிடிப்புத்திறன் நிறையும்வரை நீர் தெளிவாகத் தோன்றும், நிறைந்த பின் உள்ளே வந்ததெல்லாம் வெளியே வரும்.

கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இல் சேர்ந்த, 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலப்பகுதி நகரத்தின் கழிவுநீரை மீனாகவும் காய்கறியாகவும் மாற்றுகிறது. அதன் மதிப்பை உலகறியச் செய்த துருபஜோதி கோஷின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அங்கே நடப்பது சதுப்பைத் தன்போக்கில் விட்டுவிடுவது அல்ல. மீனவர்கள் நீரின் ஆழத்தையும் வரத்தையும் கணித்துத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். மீனும் காய்கறியுமாக ஊட்டச்சத்து அறுவடையாகி வெளியேறுகிறது. அது தலைமுறை அறிவால் இயங்கும் ஒரு வேளாண் அமைப்பு. அந்த உழைப்பாளிகள் இல்லாத ஒரு பறவைச் சதுப்பில் கழிவுநீரை விட்டுவிட்டு கொல்கத்தாவை மேற்கோள் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

சதுப்பின் வேலையைப் பயன்படுத்த விரும்பினால் அதற்கெனத் தனிச் சதுப்பை நாமே கட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950களிலேயே கோரைகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கிவிட்டார். கலிபோர்னியாவின் ஆர்கேட்டா என்ற சிறு நகரம், பாழடைந்து கிடந்த கடலோர நிலத்தில் சதுப்புகளை உருவாக்கித் தன் சுத்திகரிப்பின் ஓர் அங்கமாக்கியது. பறவைகளும் அங்கே வந்து தங்கின. பிரான்சின் சிற்றூர்களில், பெரிய திடப்பொருளை மட்டும் வடிகட்டிய, வேறு சுத்திகரிப்புக்கு உள்ளாகாத கழிவுநீரையே ஜல்லிப் படுகைகளில் வளரும் நாணலின்மீது பாய்ச்சுகிறார்கள். ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்பு போதுமானது. முதல் கட்டத்தின் மூன்று படுகைகளில் ஒன்று சில நாள் உழைக்க மற்ற இரண்டும் ஓய்வெடுக்கின்றன. மேலே படியும் கசடு மக்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாரினால் போதும் என்ற நிலை. நீருக்குள் காற்றைச் செலுத்தத் தொடர்ந்து ஓட வேண்டிய ஊதுகருவி இல்லை. சரிவான நிலமாக இருந்தால் மின்சாரமே தேவையில்லை. செங்குத்தாக நீர் இறங்கும் இப்படுகைகளில் காற்று புகுவதால் அம்மோனியா நன்றாகக் குறைகிறது. சிறு சமுதாயத்தின் கைக்கு அடங்கும் அமைப்பு என்று இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் கட்டிய சதுப்பும் பாஸ்பரஸை நிரந்தரமாகப் பிடிக்காது என்பதை மறைக்க மாட்டேன்.

பாஸ்பரஸுக்கு வேறு வழிகள் உண்டு. இரும்பு அல்லது அலுமினிய உப்பைக் கலந்து படியவைப்பது பெரிய நிலையங்களின் வழக்கம். நாள்தோறும் அளந்து ஊற்றவும், பெருகும் கசட்டை அகற்றவும் ஆள் இல்லாத இடத்தில் அது நீடிக்காது. மூலத்திலேயே குறைப்பது எளிது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பரஸை 2013 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு குடியிருப்பு தானாகவே பாஸ்பேட் இல்லாத தூளுக்கு மாறிக்கொள்ள முடியும். சிறுநீரைத் தனியே பிரிப்பது இன்னும் ஆழமான வழி. வீட்டுக் கழிவுநீரின் கொள்ளளவில் அது நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்கும், பாஸ்பரஸில் பாதியும் அதில்தான் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட நேரடியான தீர்வு, சுத்திகரித்த நீரை நீர்நிலைக்குள் விடாமல் வயலுக்கோ மரத்தோட்டத்துக்கோ பாய்ச்சுவது. சதுப்புக்கு நஞ்சாகும் அதே பாஸ்பரஸ் அங்கே உரம். டென்மார்க்கில், அடியில் நீர்புகாத விரிப்பிட்ட படுகைகளில் வில்லோ மரங்களை வளர்த்து, வீட்டுக் கழிவுநீர் முழுவதையும் ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியேறாத அமைப்புகளை இயக்குகிறார்கள்.

நீரின் தரத்தைப் பேசும் அளவுக்கு அதன் அளவையும் காலத்தையும் நாம் பேசுவதில்லை. பல சதுப்புகள் ஆண்டில் சில மாதம் வற்றிக் கிடப்பவை. அந்த வறட்சி அவற்றின் நோய் அல்ல, வாழ்க்கைமுறை. சேறு வெடித்துக் காற்றுப் புகுந்து, மக்கிய பொருள் எரிந்து தீர்ந்து, மண்ணில் உறங்கிய விதைகள் முளைப்பதற்கு அந்த மாதங்கள் வேண்டும். கரையோரப் பறவைகள் சேற்றில் இரைதேடுவதும் அப்போதுதான். ஆண்டு முழுவதும் ஒரே சீராக வழியும் நீர், எவ்வளவு தூயதாக இருந்தாலும், அந்தச் சதுப்பை வற்றாத குட்டையாக்கிவிடும். உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகமாக இருந்தால் உப்பின் அளவே மாறிப்போகும். மாறாக, காலங்காலமாக வந்துகொண்டிருந்த ஊற்று நீரை மேலே ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சிவிட்ட இடங்களில், நன்கு சுத்திகரித்த நீர் சதுப்பின் உயிரைக் காக்கவும் கூடும். எந்த நிலை என்பதை அந்த இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கிருமிநீக்கம் குறித்து ஒரு சொல். குளோரின் மலிவானது, எளிதானது. அதனால் சிறு நிலையங்கள் அதை நாடுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால நோக்கில் வகுத்த குளோரின் வரம்பு லிட்டருக்கு 11 மைக்ரோகிராம். எஞ்சிய குளோரினை நீக்காமல் சதுப்புக்குள் விடுவது, கிருமியோடு சேர்த்து நாம் காக்க வந்த உயிர்களையும் கொல்வதாகும். புற ஊதாக் கதிரோ, வெயில் படும் ஆழமற்ற குளமோ நன்று.

இனி, மனிதர்களைப் பற்றி. சிறு நிலையங்கள் வடிவமைப்புக் குறையால் கெடுவதைவிட, கவனிப்பாரற்றுக் கெடுவதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. செப்டிக் டேங்கில் சேரும் கசட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால், அது அடுத்த கட்டத்துக்குள் வழிந்து ஜல்லியின் இடைவெளிகளை அடைத்துவிடும். எடுத்த கசட்டை லாரியில் ஏற்றி அதே சதுப்பின் மறுகரையில் கொட்டினால் எல்லாப் பாடும் வீண். அடைப்பு ஏற்பட்டால் திருப்பிவிடுவதற்கென வைத்த மாற்றுக் குழாய், அடைப்பு நீங்கிய பின்னும் திறந்தே கிடப்பதுண்டு. பெரிய நகரங்களும் இதற்கு விலக்கல்ல. கனடாவின் ஹாமில்டன் நகரில் ஓர் அடைப்புக்கதவு 2014 முதல் 2018 வரை சிறிதளவு திறந்தே கிடந்ததால், 2,400 கோடி லிட்டர் மழைநீரும் கழிவுநீரும் ஓர் ஓடை வழியாகக் கூட்ஸ் பாரடைஸ் என்ற சதுப்புக்குள் சென்று சேர்ந்தன. கருவிகளும் பொறியாளர்களும் உள்ள நகரத்திலேயே இது நான்கு ஆண்டுகள் நீடிக்க முடியுமென்றால், பகுதிநேரப் பணியாளர் ஒருவரை நம்பியிருக்கும் குடியிருப்பில் சதுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் கட்டாயம் வேண்டும்.

அந்தக் கண்கள் மீன்பிடிப்பவர்களுடையதாகவும், பறவை பார்ப்பவர்களுடையதாகவும், பள்ளி மாணவர்களுடையதாகவும் இருக்கலாம். கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும்; பிஎச் அளவைப் பிற்பகலில் அளக்க வேண்டும்; குழாயின் வாயில் மட்டுமன்றி, ஓடை சேருமிடத்திலும், சதுப்பின் நடுவிலும், கழிவுநீர் எட்டாத ஒரு மூலையிலும் அளக்க வேண்டும். சேற்றை ஒரு சல்லடையில் அலசிப் பார்த்தாலே பலவும் தெரியும். மேஃபிளை போன்ற பூச்சிகளின் இளம்பருவங்கள் மறைந்து, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழும் சிவப்புப் புழுக்கள் மட்டும் பெருகினால், ஆய்வகத் தாள் என்ன சொன்னாலும் சதுப்பு துன்பப்படுகிறது என்று பொருள். சம்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் காட்டிக்கொடுக்கும்.

இந்த அளவீடுகள் கட்டுமானத்துக்கு முன்பே, குறைந்தது எல்லாப் பருவங்களும் ஒருமுறை வந்துபோகும் அளவுக்கு நடந்திருக்க வேண்டும். இல்லையெனில் பின்னால் வரும் எந்த எண்ணையும் எதனோடும் ஒப்பிட முடியாது. எந்த அளவைத் தாண்டினால் சதுப்புக்குச் செல்லும் நீரை நிறுத்துவது, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, நிறுத்திய நாட்களில் நீர் எங்கே போகும் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் சில வாரங்களின் நீரைத் தேக்கி வைக்கும் ஒரு குளமாகவே இருக்கும். அதற்கான நிலத்தை, நிலையத்துக்கு நிலம் தேர்ந்தெடுக்கும் அதே கூட்டத்தில் ஒதுக்கிவிட வேண்டும். வீடுகள் எழும்பிய பின் அந்த இடம் கிடைக்காது.